வரப்போரக் கொடி

திரௌபதியை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவேன் என்று நினைத்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். நடந்ததை எழுதுகிறேன். அதில் நியாயம் அவள் பக்கம் போய் நின்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அவள் வாய் அப்படி. குழாயடியில் குடம் வைக்கிற இடத்தில் ஆரம்பித்தால் எதிராளியின் கல்யாணத்தில் சாம்பார் நீர்த்துப்போனது வரைக்கும் போவாள். என்னோடு சண்டை வந்தது ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற ஒரு பட்டறையில் நான் சூளை போடுகிறவன். மூக்கு உடைந்த இடையன், காது போன கழுதை என்று கழித்த பொம்மைகளை முதலாளி எனக்குக் கொடுத்துவிடுவார். அவற்றை வைத்து வருஷா வருஷம் வாசலில் குடில் கட்டுவேன். அந்த வருஷம் திரௌபதியின் ஆடு வந்து குடிலில் பரப்பிய வைக்கோலை முழுசாகத் தின்று, மாதாவைக் குப்புறத் தள்ளி, இடையன் தலையை உடைத்துவிட்டுப் போனது. நான் குச்சியை எடுத்து ஆட்டை ஒரு போடு போட்டேன்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யோவ் அடைக்கலம், உங்க சாமி எங்கய்யா பொறந்தாரு?"

"மாட்டுக் கொட்டாய்ல."

"மாட்டுக் கொட்டாய்ல பொறந்த சாமி வூட்டுக்கு ஆடு வந்தா மட்டும் என்னா கொறஞ்சி போவுது?"

தெருவே சிரித்தது. என் மனைவி ஜெயமேரியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றோடு எனக்கும் திரௌபதிக்கும் பேச்சு நின்றது.

எங்கள் ஊர் விருத்தாசலத்திலிருந்து நல்லூர் போகிற வழியில் இருக்கிறது. திரௌபதி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது இதே மாவட்டத்து மங்களூர்ப் பக்கம். கட்டிக்கொண்ட விருத்தகிரி நெய்வேலிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். ஒரு பொங்கலுக்கு வந்தவன் அடுத்த பொங்கலுக்கு வரவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவள் தேடிப் போனாள். அங்கே வேறு ஒருத்தி கதவைத் திறந்தாள். இவள் உள்ளேகூட நுழையவில்லை, வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டாள். அவன் விட்டுப்போன வேட்டியைக் கிழித்து ஆட்டுக்குட்டிக்குக் கழுத்துக் கயிறு திரித்தாள் என்று ஜெயமேரி சொல்வாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. செய்யக்கூடியவள்தான்.

அந்தக் குட்டி அவளுடையது இல்லை, வாரத்துக்கு வாங்கியது. அடுத்தவர் ஆட்டை வளர்த்துக் கொடுத்தால் ஈனுகிற குட்டியில் பாதி வளர்த்தவருக்கு என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. அப்படி வந்த ஒரு குட்டியிலிருந்து ஒரு மந்தையை உண்டாக்கினாள். மகள் சண்முகப்ரியா பள்ளிக்கூடம் முடித்ததும், விருத்தாசலத்தில் காலேஜில் சேர்ந்ததும், பஸ்ஸுக்குப் பாஸ் எடுத்ததும் எல்லாம் ஆட்டை விற்றுத்தான். தெருவில் யாரிடமும் கை நீட்டியதில்லை. அந்தத் திமிரும் எங்களுக்குப் பிடிக்காது.

மல்லாட்டை ஆய்கிற பெண்கள் கூட்டத்துக்கும் அவள்தான் தலைவி. வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள், எங்களுக்கு மல்லாட்டை. செடியைப் பிடுங்கிப் போட்டதும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொடியிலிருந்து காயை ஆய்ந்து போடுவார்கள். கூலியைப் பேசுவது, தண்ணீர் வரவில்லை என்று கத்துவது, நிலத்துக்காரர் வாய் நீண்டால் அதை மடக்குவது எல்லாம் திரௌபதி. ஆய்கிறபோது தின்னுகிற காய்க்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். வரப்பை ஒட்டிய சாலின் கொடி ஆய்கிற பெண்களுக்கே போகும். ஆள் மிதித்து மாடு கடித்து அந்தச் சாலில் விளைச்சலே இருக்காது என்பதால் நிலத்துக்காரர் அதைக் கண்டுகொள்வதில்லை. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. கேட்டு வாங்குகிற வழக்கமும் கிடையாது. பொழுது சாய்ந்ததும் வரப்போரக் கொடியைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் போய்விடுவார்கள், வீட்டில் ஆடு காத்திருக்கும்.

இரண்டாயிரத்து ஆறு மழையில் ஆட்டுக்கொல்லி வந்தது. மூக்கில் சளி, வாயெல்லாம் புண், கழிச்சல், பிறகு படுக்கை. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். திரௌபதியின் ஆடுகளில் பாதி அதற்கப்புறமும் செத்தது. ஊசி போடும் முன்பே நோய் உள்ளே இறங்கிவிட்டது, இனி மழைக்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அவள் கேட்கிற ஆளா?

"ஊசி போட்ட அன்னிக்கி நின்ன ஆடு அடுத்த நாளே படுத்துடுச்சி. உள்ளாறயாம், எறங்குச்சாம். நீங்க ஊசிய எறக்குனதத்தான் நான் பாத்தேன்" என்றாள். மிச்சமிருந்த ஆடுகளுக்கு இனி ஊசியே கிடையாது என்று திரௌபதியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள். அம்மன் பேரை வைத்துக்கொண்டதால் அம்மனே தன் பக்கம் என்று நினைப்பு.

மறு வருஷம் கிளமெண்ட் வந்தான்.

இவனைப் பற்றியும் எனக்கு நல்லெண்ணம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். விவசாய டிப்ளமா படித்தவன். அதற்கு முன்பு பூச்சி மருந்து விற்றான். பைக்கில் வருவான், தொப்பியைக் கழற்ற மாட்டான், எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வந்தால் முன் பெஞ்சில் போய் உட்காருவான். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு இந்தப் பக்கத்து ஆள். கலியமூர்த்தியின் நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்குப் பேசி, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, உள்ளே வரக் கூடாது என்று போர்டு வைத்து, ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை போட்டான். வேலிக்குள் மல்லாட்டையை யாரும் பார்த்ததில்லை. தங்கக் காசு காய்க்குமோ என்று ஊரே கிண்டல் செய்தது.

கிண்டல் பொறுக்காமல் கலியமூர்த்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மோட்டார் கொட்டகையில் ஊரைக் கூட்டினார். டீயும் வடையும் உண்டு என்றதால் நானும் போனேன். கிளமெண்ட் எழுந்து பேசினான்.

"ஆட்டுக்கொல்லிக் கிருமிக்கு மேல ஒரு சட்டை இருக்குதுன்னு வெச்சிக்குங்க. அந்தச் சட்டையில ஒரு துண்ட மட்டும் செய்யுற கட்டளைய இந்தச் செடிக்குள்ளாற வெச்சிருக்காங்க. செடி அதுபாட்டுக்கு வளருது, எலையில அந்தப் புரதத்தையும் சேத்து செய்யுது. கிருமி கெடையாது, சட்டைத் துண்டு மட்டும்தான். ஆடு கொடியத் தின்னா அதோட ஒடம்பு அந்தச் சட்டைய அடையாளம் புடிச்சி வெச்சிக்கும். நெஜக் கிருமி வந்தா வாசல்லியே தொரத்திடும்."

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. பட்டறையில் நாங்கள் ஊற்றுவது ஒரே களிமண் கூழ்தான். அச்சு பிள்ளையார் என்றால் பிள்ளையார் வரும், அச்சு பூனை என்றால் பூனை வரும். செடிக்குள் புதிதாக ஒரு அச்சை வைத்திருக்கிறார்கள். கெட்டிக்கார யோசனைதான், அதை நான் குறை சொல்லவில்லை. அதைக் கொண்டுவந்த ஆள் மேல்தான் எனக்குக் கோபம்.

கூட்டத்திலிருந்து திரௌபதி எழுந்தாள். கிழிக்கப் போகிறாள் என்று நான் ஆவலாக வடையைக் கீழே வைத்தேன். அவளோ என்றும் இல்லாத குரலில், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றாள்.

"மங்களூருங்கக்கா."

அவ்வளவுதான். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஊரில் ஒருத்தனையும் மனுஷனாக மதிக்காதவள், பிறந்த வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நாய் வந்தாலும் அதற்குச் சோறு வைப்பாள். அவள் தம்பி சின்ன வயதில் செத்துப்போனவன் என்று ஜெயமேரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அப்ப ஊசி வேணாமா தம்பி?"

"ஊசியே வேணாங்கக்கா. தின்னா போதும். அதுக்குத்தான் இம்மாம் பாடு."

இன்னும் சோதனைதான் நடக்கிறது, இந்தக் கொடி ஆட்டைக் காப்பாற்றுமா என்று எங்களுக்கே தெரியாது என்று அவன் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து காரில் ஆட்கள் வந்தபோது இங்கிலீஷில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான் என்று சண்முகப்ரியா பிற்பாடு சொன்னாள். எங்களுக்குத் தமிழில் சொன்னது வேறு.

அன்றிலிருந்து அவன் பைக் சத்தம் கேட்டால் திரௌபதி மோர் கலக்க ஆரம்பித்துவிடுவாள். "எங்க ஊரு புள்ள" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள். அவனும் குடித்துவிட்டு "வரேங்கக்கா" என்று கிளம்புவான். பார்க்கச் சகிக்காது.

ஐப்பசி பிறந்ததும் பறிப்பு வந்தது. ஜெயமேரியும் ஆயப் போனாள், அங்கே நடந்ததை அவள்தான் சொன்னாள். முதல் நாளே அவமானம். ஒரு காயைக்கூட வாயில் போடக் கூடாது. சாயங்காலம் வெளியே வரும்போது கேட்டில் நின்று ஒவ்வொரு பெண்ணும் மடியை உதறிக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் வேலை முடிந்து மடி நிறையக் காயோடு போனாலும் கேட்காத ஊர் இது. கிழவிகளும் மடியை உதறினார்கள். அமிர்தம் என்ற ஒருத்தியின் சுருக்குப் பையைத் திறக்கச் சொல்லி உள்ளே வெற்றிலையைப் பார்த்துவிட்டு விட்டார்களாம். கொடியை முழுக்கச் சாக்கில் கட்டி சீல் வைத்தார்கள். வரப்போரக் கொடி என்று ஒருத்தி வாயெடுத்தபோது, ஒரு இலைகூட வெளியே போகாது என்று வாட்ச்மேன் விரட்டினான்.

மறுநாள் காலையில் திரௌபதி வேலியோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் கூட்டமே உட்கார்ந்தது. பாதி நிலத்தில் செடி மண்ணில் நின்றது. கிழக்கே மேகம் கன்னங்கரேல் என்று திரண்டு வந்தது. மழை பிடித்தால் முற்றிய காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். முளைத்தால் கம்பெனிக்கு ஆபத்து. எந்தக் காய் எங்கே முளைத்தது, எந்த ஆடு மேய்ந்தது என்று மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கிளமெண்ட் மேகத்தைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான்.

"அக்கா, எழுந்திருங்கக்கா. நம்ம ஊரு புள்ள கேக்குறேன்."

"ஊரு புள்ளன்னுதான் தம்பி இன்னும் சும்மா குந்தியிருக்கேன். வேற எவனா இருந்தாலும் வேலி இந்நேரம் படுத்திருக்கும். எங்களுக்கு வேற எதுவும் வேணாம். வரப்போரக் கொடி எங்குளுது. என் ஆட்டுக்கு மருந்து வேணும், மழைக்காலம் வருது."

அவன் செல்போனை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனான். யாருடனும் பேசினானா, சும்மா காதில் வைத்துக்கொண்டு நின்றானா தெரியாது. திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தான்.

"சரிக்கா. ஒங்களுக்காகத்தான். சுத்திவர வரப்போரத்து சாலு மட்டும் எடுத்துக்குங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

பெண்கள் எழுந்து வேலை செய்தார்கள். மழைக்கு முன்னால் பறிப்பு முடிந்தது. திரௌபதி தன் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்ததை நான் பார்த்தேன். தேரில் சாமி வருகிற மாதிரி வந்தாள். என் வாசலைத் தாண்டும்போது வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். ஜெயமேரிக்கும் ஒரு சின்னக் கட்டு கிடைத்தது, எங்களுடைய இரண்டு ஆட்டுக்கும் அதைப் போட்டோம்.

பிறகு ஊசி முகாம் வந்தது. டாக்டர் போன வருஷமே சொன்னபடி மழைக்கு முன்னால் வந்தார். தண்டோரா போட்டார்கள். எங்கள் ஆடுகளை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக நான் கிளம்பினேன். ஊசி மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. திரௌபதி எதைச் செய்யவில்லையோ அதைச் செய்வது என் கொள்கை.

அவள் வீட்டு வாசலில் தாய்க்கும் மகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஒரு தடவ கூட்டிக்கிட்டுப் போம்மா. கொடி தின்னா தின்னுட்டுப் போவுது, ஊசியும் போட்டு வெச்சா என்னா?" என்றாள் சண்முகப்ரியா.

"ஒனக்கென்ன தெரியும்? போன வருசம் போட்டு எத்தினிய பொதச்சேன், நீயாடி குழி வெட்டுன? மருந்து தின்ன ஆட்டுக்கு மறுபடியும் மருந்தா?"

அந்த நேரத்தில் கிளமெண்டின் பைக் வந்தது. திரௌபதி ஓடிப்போய் குறுக்கே கையை நீட்டி நிறுத்தினாள்.

"தம்பி, நீயே சொல்லு. படிச்ச திமிருல இது என்னைய கேள்வி கேக்குது. கொடி தின்ன ஆட்டுக்கு ஊசி போடணுமா, வேணாமா?"

நான் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். கிளமெண்ட் அவளைப் பார்த்தான். அப்புறம் சண்முகப்ரியாவைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டான். அவன் தொப்பியைக் கழற்றி அன்றுதான் பார்த்தேன்.

"ஒங்க இஷ்டங்கக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

திரௌபதி மகள் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றாள். பட்டியின் படலை இழுத்துக் கட்டினாள். நான் எங்கள் ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்.

கார்த்திகை மழையில் மறுபடியும் ஆட்டுக்கொல்லி வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் விழுந்து, எங்கள் ஊரில் நுழைந்து, ஊசி போட்ட பட்டிகளைத் தாண்டித் தாண்டி வந்து திரௌபதியின் பட்டியில் உட்கார்ந்தது. முதல் ஆடு தும்மியபோது சளி என்றாள். அடுத்தது கழிந்தபோது மழைப் புல் என்றாள். மூன்றாவது வாயில் புண்ணோடு நின்றபோது சாக்கை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினாள். வேலிக்கு வெளியே யாரும் மிதிக்காத இடத்தில் சிதறிக் கிடந்த கொடியைப் பொறுக்கி வந்து வேகவைத்துக் கூழாக்கி மூங்கில் குழாயால் ஊட்டினாள். ஒவ்வொன்றாகப் போனது. கிளமெண்ட் பைக் எங்கள் தெரு வழியாக வருவது நின்று போயிருந்தது.

நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள ஒரு தாயாடு மட்டும் மிஞ்சியது. பொட்டுக்காரி என்று கூப்பிடுவாள். என் குடிலைத் தின்றது அதுதான்.

அந்த வாரம்தான் பட்டறைக்குக் கம்பெனி வேன் வந்தது. சீல் வைத்த கொடி மூட்டைகளை எரித்தாக வேண்டும், திறந்தவெளியில் எரிக்கக் கூடாது, மழையில் எரியவும் எரியாது. பட்டறையின் பின்பக்கம் சும்மா கிடந்த பழைய விறகுச் சூளையை முதலாளி அவர்களுக்கு விட்டார். பற்றவைக்கிற வேலை எனக்கு வந்தது. இலையில் கொஞ்சத்தை முன்பே ஐஸ் பெட்டியில் அனுப்பிவிட்டார்களாம், விதைக் காயும் போய்விட்டதாம். மிச்சம் முழுக்கச் சாம்பலாக வேண்டும். கிளமெண்ட் குடையோடு நின்று மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். காலையில் நான் கிளம்பும்போது ஜெயமேரியிடம் இந்த வேலையைச் சொல்லியிருந்தேன். ஜெயமேரியின் வாயில் எது நிற்கும்?

சூளை சூடேறிக்கொண்டிருந்தபோது திரௌபதி வந்தாள். பஸ்ஸில் ஆட்டை ஏற்ற விட்டிருக்க மாட்டார்கள். நல்லூர் ரோட்டிலிருந்து மழையில் நடந்தே வந்திருக்கிறாள். பொட்டுக்காரி அவள் தோளில் மாலை மாதிரிக் கிடந்தது. ஆட்டின் மூக்கிலிருந்து வடிந்தது அவள் ரவிக்கையெல்லாம் ஒட்டியிருந்தது. இறக்கி நிறுத்தினாள். நாலு காலும் நடுங்கிக்கொண்டு அது நின்றது.

"தம்பி, ஒரு கட்டு குடுப்பா. வூட்ல இருந்ததெல்லாம் போயிட்டுது. இது ஒண்ணுதான் நிக்குது. அன்னிக்கி நீ குடுத்தது பத்தல போலருக்குது."

இத்தனைக்குப் பிறகும் கொடியைக் குறை சொல்லவில்லை. தான் போதுமான அளவு போடவில்லை என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"இது வெளிய போவக் கூடாதுக்கா. சோதனை முடியாத சரக்கு. எரிக்கணும்னு சட்டம்."

"எரிக்கிறதுதானப்பா. நெருப்பு திங்குறத ஒரு ஆடு தின்னா என்னா?"

"குடுத்துத் தொலையேன்யா" என்று நான் கத்தினேன். கிளமெண்டுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"குடுத்தாலும் பிரயோஜனம் இல்லீங்க. புரியாம பேசாதீங்க. நோய் வர்றதுக்கு முன்னாடி குடுக்கணும்."

"முன்னாடிதானே குடுத்தேன்" என்றாள் திரௌபதி. "நீ குடுத்ததத்தானே குடுத்தேன்."

அவன் சூளையைப் பார்த்தான். குடையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினான்.

"அது சாதா மல்லாட்டைக்கா. சுத்துவட்டம் முழுக்க எப்பவும் சாதாதான் போடுவோம். நடுவுல இருக்குற செடியோட மகரந்தம் வெளிய போவாம தடுக்கறதுக்கு. மருந்துச் செடி நடுவுல மட்டும்தான். அதனாலதான் அன்னிக்கி எடுத்துக்கச் சொன்னேன். ஆபத்து இல்லாததத்தானே குடுத்தேன்?"

திரௌபதி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் தெருவை இருபது வருஷமாக ஆட்டிவைத்த வாய் திறந்தபடி நின்றது. திட்டுடி, திட்டித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

கடைசியில் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ஊசி போடணுமான்னு கேட்டனே, தம்பி. வண்டிய நிறுத்திக் கேட்டனே."

"ஒங்க இஷ்டம்னுதான் சொன்னேன். போட வேணாம்னு நான் சொல்லல."

அவள் அவனைத் தாண்டினாள். நேராக மூட்டைக்குப் போனாள், சீலைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள், ஒரு கை கொடியை உருவினாள். கிளமெண்ட் குறுக்கே வந்தான். சூளை கிளறுகிற கம்பி என் கையில் இருந்தது, அதைச் சும்மா இந்தப் பக்கம் மாற்றிப் பிடித்தேன். அவன் நின்றுவிட்டான்.

அவள் பொட்டுக்காரியின் முன்னால் மண்டியிட்டுக் கொடியை வாயருகே வைத்தாள். "தின்னுடி. நெசமானது. தின்னு" என்றாள். ஆடு மோந்து பார்த்தது. உதடெல்லாம் வெந்து உரிந்திருந்தது. ஒரு இலையை வாங்கப் பார்த்தது, வலித்ததோ என்னவோ, விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணில் படுகிறதையெல்லாம் தின்கிற ஆடு அது. மறுபடி வைத்தாள், மறுபடி திருப்பியது. பிறகு முன்னங்கால் மடங்கி அவள் மடியில் தலையைப் போட்டது. கேட்டில் உதறிக் காட்டச் சொன்ன அந்த மடியில்தான். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

அழுவாள் என்று நினைத்தேன். எழுந்தாள். ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடி மூட்டைகளின் மேல் கிடத்தினாள். கிளமெண்டின் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்.

"சோதன முடியாத சரக்கு வெளிய போவக் கூடாதுன்னியே. இதுவும் ஒன் சோதனச் சரக்குதான். எரிச்சிட்டுப் போ."

"ஐயோ, அதெல்லாம் முடியாதுக்கா. ரூல்ஸ் இருக்குது. கம்பெனிக்குத் தெரிஞ்சா..."

"அக்கான்னு கூப்புடாத" என்றாள்.

நான் சூளைக் கதவைத் திறந்தேன். பொட்டுக்காரியை நானே தூக்கி உள்ளே வைத்து, அதைச் சுற்றிக் கொடி மூட்டைகளை அடுக்கினேன். கிளமெண்ட் என்னென்னவோ சொன்னான். சூளை என்னுடைய பொறுப்பு, மூடிக்கொண்டு நில் என்றேன். மயிர் பொசுங்குகிற நாற்றம் பேட்டை முழுக்க அடித்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரௌபதி கடைசி மூட்டை உள்ளே போகிற வரைக்கும் மழையில் நின்றாள், பிறகு நடந்து போனாள்.

கம்பெனி அடுத்த வருஷம் வரவில்லை. சோதனை நன்றாக முடிந்ததா கெட்டதாக முடிந்ததா என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. ஒருவேளை நடுச் செடி உண்மையிலேயே ஆட்டைக் காப்பாற்றியிருக்கும். காப்பாற்றாமலும் இருந்திருக்கும். கிளமெண்ட் இப்போது வேறு மாவட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறானாம். எந்தக் கோயிலில் முன் பெஞ்சில் உட்காருகிறானோ தெரியவில்லை.

சண்முகப்ரியா கடைசி வருஷத்தை முடிக்காமலே காலேஜை விட்டாள். தை மாதத்திலிருந்து எங்கள் பட்டறையில் பொம்மைக்குக் கண் எழுதுகிறாள். கை சுத்தம், ஒரு பொம்மைகூட மாறுகண்ணாகப் போகாது. முதலாளி மெச்சுகிறார். அவர் மெச்சும்போதெல்லாம் எனக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருக்கிறது.

ஆடுகள் செத்த அந்த டிசம்பரில் நானும் வழக்கம்போல் வாசலில் குடில் கட்டினேன். இடையனின் தலையை ஒட்டினேன், மாதாவை நிறுத்தினேன், வைக்கோலை வேண்டுமென்றே அதிகமாகப் பரப்பி வாசல்வரைக்கும் இழுத்துவிட்டேன். தினமும் காலையில் எழுந்து முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் போட்டது போட்டபடி கிடந்தது. ஒரு துரும்பைக்கூட யாரும் தின்னவில்லை.